காப்பகத்து நாய் வீட்டுக்கு வந்தால் அன்றாடம் என்ன சந்தோஷம்?

கேள்வி: "காப்பகத்திலிருந்து வளர்ந்த நாய் ஒன்றைத் தத்தெடுக்கலாம் என்றிருக்கிறோம். செலவு, வேலை, உதிர்கிற முடி, குதறப்படும் செருப்பு என்று பயமுறுத்த எல்லாரும் இருக்கிறார்கள். தினமும் அப்படி என்னதான் சந்தோஷம் கிடைக்கும் என்று யாரும் விவரமாகச் சொல்வதில்லை. குட்டியிலிருந்து நாம் வளர்க்காத நாய் நம்மிடம் ஒட்டுமா?"

ஒட்டும். குட்டி ஒட்டுவதுபோல் ஒட்டாது, அவ்வளவுதான். குட்டி யார் தூக்கினாலும் மடியில் தூங்கிவிடும். வளர்ந்த நாய் தள்ளி நின்று பார்க்கும், முகரும், உங்கள் கை ஓங்குகிற கையா தடவுகிற கையா என்று சோதிக்கும், அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவரும். அப்படி இறங்கிவருவதைக் கண்ணெதிரே பார்க்கிற பாக்கியம் குட்டி வளர்ப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. முதல் நாள் மூலையில் முடிச்சாகச் சுருண்டு கிடந்த நாய், இரண்டு மாதம் கழித்துக் கூடத்தின் நடுவில் நாலு காலையும் மேலே போட்டுக்கொண்டு தூங்கினால், வந்த விருந்தாளிக்கு அது வெறுமனே தூங்குகிற நாய். உங்களுக்கு அப்படி இருக்காது. இது தானாக நடந்துவிடுவதும் இல்லை என்பதால், எது எப்போது வரும், எதனால் வரும், எது கெடுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

காப்பகங்களில் 3-3-3 என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. முதல் 3 நாள் திகைப்பு. 3 வாரத்தில் வீட்டின் நேர ஒழுங்கு பிடிபடும். 3 மாதத்தில் "இது என் இடம்" என்று ஆகும். கறாரான விதி ஒன்றும் இல்லை. அடிபட்டு, பட்டினி கிடந்து வந்த நாய்க்கு ஆறு மாதம்கூட ஆகலாம். சில நாய்கள் இரண்டாம் நாளே சோபாவில் ஏறி, இறங்க மறுக்கும். கணக்கின் பயன் என்னவென்றால், முதல் வாரம் அது விளையாடாமல், வாலே ஆட்டாமல் கிடந்தால் "தப்பான நாயைக் கூட்டிவந்துவிட்டோமோ" என்று நீங்கள் பதற மாட்டீர்கள். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் சாதுவாக இருந்த நாய் மூன்றாம் வாரம் குரைக்கும், கதவைப் பிறாண்டும், தலையணையைக் கிழிக்கும். கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அடங்கியிருந்த நாய்க்கு வாய் வந்திருக்கிறது. பழக்கத் தொடங்க அதுதான் சரியான நேரம்.

அந்த முதல் நாட்களில் நீங்கள் செய்ய வேண்டியதைவிடச் செய்யாமல் இருக்க வேண்டியவைதான் அதிகம். ஓர் அறை, சுவரை ஒட்டி ஒரு படுக்கை, தண்ணீர்க் கிண்ணம், இவ்வளவு போதும். முதல் நாளே குளிப்பாட்ட வேண்டாம். சொந்தபந்தங்களைப் பார்க்க வரச்சொல்வதை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். காப்பகத்தில் தின்ற அதே உணவைச் சில நாள் கொடுத்துவிட்டு, பிறகு புதிய உணவைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஒரு வாரத்தில் மாற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், பாவம் அதுவும் பயந்துபோகும், கூடவே தரையும் நாறும். முதல் வாரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எந்தெந்தத் தேதியில் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே அழைத்துப் போகும்போது கழுத்துப்பட்டை, மார்பைச் சுற்றும் ஹார்னஸ் இரண்டையும் போட்டு, இரண்டிலும் கயிற்றை மாட்டுங்கள். தொலைந்துபோகிற தத்து நாய்கள் பல, வந்த புதிதில்தான் தொலைகின்றன. ஒரு சத்தத்துக்கு மிரண்டு பின்பக்கமாக இழுத்தால், தளர்வாகக் கட்டிய பட்டை தலை வழியே கழன்றுவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடம் இருந்தால் சரி.

இனி சந்தோஷங்கள். வருகிற வரிசையிலேயே போகலாம்.

முதலில் வருவது சாப்பாட்டில். புதுநாய் பெரும்பாலும் யாரும் பார்க்காத நேரத்தில்தான் தின்னும். இரவு விளக்கணைத்த பிறகு கிண்ணத்தில் கொறிக்கிற சத்தம் கேட்கும். ஒருநாள் நீங்கள் அதே அறையில் இருக்கும்போதே வந்து தின்னும். இன்னொரு நாள் ஒரு வாய் தின்று, தலையைத் தூக்கி உங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி குனியும். இந்த ஒவ்வொரு படியும் தானாக வரட்டும். கிண்ணத்தில் கைவிட்டுக் "காட்டிப் பழக்குவது" பழைய தப்பு. தின்னும்போது யார் வந்தாலும் பறித்துவிடுவார்கள் என்பதைத்தான் அது கற்றுக்கொடுக்கும். அது தின்னும்போது தூரத்தில் நடந்துபோய், இன்னும் சுவையான ஒரு துண்டைக் கிண்ணத்தருகே போட்டுவிட்டு நகருங்கள். சில நாளில் நீங்கள் நெருங்கினால் உடம்பு இறுகுவதற்குப் பதில் வால் ஆடும். இரண்டு நாளைக்கு மேல் எதையுமே தொடவில்லை, அல்லது ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றால் மட்டும் மருத்துவரிடம் போங்கள்.

அடுத்தது தூக்கம். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் நாய் வளர்ப்பதில் பாதிச் சுகம் அது தூங்குவதைப் பார்ப்பதுதான். வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் தூங்கும். காப்பகத்தில் சுற்றிலும் குரைப்புச் சத்தம். ஆழ்ந்த தூக்கம் அரிது. அதனால் வீட்டுக்கு வந்ததும் சில நாய்கள் நாள் கணக்கில் தூங்கித் தள்ளும். அடித்துப்போட்டாற்போல் கிடக்கிறதே என்று எழுப்பாதீர்கள்; பழைய பாக்கியைத் தீர்க்கிறது.

எப்படிப் படுக்கிறது என்பதைக் கவனித்தால் ஒரு நாட்குறிப்பே எழுதலாம். தொடக்கத்தில் முதுகைச் சுவரில் ஒட்டி, மூக்கை வாலுக்குள் செருகி, வயிற்றை மறைத்துப் படுக்கும். எழுந்து ஓட வசதியாகக் காலை உடம்புக்கடியில் மடக்கிவைத்திருக்கும். கண் மூடியிருக்கும், காது மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் பக்கவாட்டில் காலை நீட்டிப் படுக்கும். அதற்கும் பிறகு மல்லாக்க, வயிறு மேலே, ஒரு பக்க உதடு சரிந்து பல் தெரிய. குளிருக்குச் சுருள்வதும் வெக்கைக்கு மல்லாப்பதும் உண்டு என்பதால் ஒரே நாளை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. வாரக்கணக்கில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். ஆழ்ந்து தூங்கும்போது பாதம் துடிக்கும், மூடிய வாய்க்குள்ளிருந்து சின்னதாக 'உப், உப்' என்று குரைப்பு வரும், இமைக்குள் விழி ஓடும். கனவுத் தூக்கம் அது. தட்டி எழுப்பினால், பழைய வாழ்க்கையில் அடி வாங்கிய நாய் திடுக்கிட்டுக் கடித்துவிடக்கூடும். எழுப்பியே ஆகவேண்டுமென்றால் தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கும் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். அப்படியே அது நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணிப் பாருங்கள்: நிமிடத்துக்கு 30 மூச்சுக்குள் இருப்பது இயல்பு. இதைப் பழக்கமாக்கிக்கொண்டால் பிற்காலத்தில் இதயம், நுரையீரல் கோளாறு வந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும்.

படுக்கப் போகும்முன் நீளமாக ஒரு பெருமூச்சு விடும் பாருங்கள், நாள் முழுக்க அலுவலகத்தில் உழைத்தது அதுதான் என்பதுபோல. அதற்கு விளக்கம் எதுவும் தேவையில்லை.

காலையில் எழுந்ததும் முன்காலை நீட்டி, பின்புறத்தைத் தூக்கி, உங்களைப் பார்த்தபடியே வளைந்து சோம்பல் முறிக்கும். பிறகு பின்காலை ஒவ்வொன்றாக இழுத்துவிடும். கடைசியில் மூக்கிலிருந்து வால் நுனி வரை ஓர் உதறல். இந்த உதறலைக் கவனித்து வையுங்கள். உடம்பு நனையாமலேயே நாய் உதறினால், சற்று முன் இருந்த இறுக்கத்தை விட்டுவிட்டது என்று அர்த்தம். புதுநாய் ஒருவரைப் பார்த்து விறைத்து, அவர் போனதும் உதறிவிட்டு நடந்தால் நல்ல சகுனம். உதறாமல் விறைத்தபடியே இருந்தால் அதை அங்கிருந்து கூட்டிப் போய்விடுங்கள்.

வாலைப் பற்றி ஒரு திருத்தம்: ஆடுகிற வால் எல்லாம் மகிழ்ச்சி என்று நம்பக்கூடாது. உயரத் தூக்கி, விறைப்பாக, சின்னச் சின்னதாக ஆடினால் எச்சரிக்கை. முதுகு மட்டத்திலோ அதற்குக் கீழேயோ அகலமாக, இடுப்பும் சேர்ந்து குழைய ஆடினால் சந்தோஷம். வட்டமாகச் சுழன்றால் சொல்லவே வேண்டாம். 2007ல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள்: வளர்ப்பவரைப் பார்க்கும்போது நாயின் வால் அதன் வலப்பக்கம் கூடுதலாக வீசுகிறது, மிரட்டுகிற தோரணையில் நிற்கும் அறிமுகமில்லாத நாயைப் பார்க்கும்போது இடப்பக்கம். வெறுங்கண்ணுக்கு இது எளிதில் பிடிபடாது. போனில் மெதுவியக்கத்தில் வீடியோ எடுத்து, வந்த வாரத்து வாலையும் மூன்றாம் மாதத்து வாலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வீடு திரும்பும்போது கிடைக்கும் வரவேற்பு எல்லாரும் அறிந்ததுதான். அறியாதது ஒன்று: 2011ல் வெளியான ஓர் ஆய்வில், அரை மணி நேரம் தனியே விட்டபோது கிடைத்த வரவேற்பைவிட இரண்டு மணி நேரம் விட்டபோது வரவேற்பு தடபுடலாக இருந்தது, நாலு மணி நேரத்துக்கும் இரண்டு மணி நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2022ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, பல மணி நேரப் பிரிவுக்குப் பின் வளர்ப்பவரைக் கண்டதும் நாயின் கண்ணில் நீர் கூடியது. வேறு தெரிந்த மனிதர்களைக் கண்டபோது அப்படிக் கூடவில்லை. மேலே விழுந்து பிறாண்டுகிற வரவேற்பு பிடிக்கவில்லையென்றால், கத்தித் தள்ளாதீர்கள். தள்ளுவதையும் அது விளையாட்டாகவே எடுத்துக்கொள்ளும். நாலு காலும் தரையில் படுகிற நொடியில் குனிந்து பேசுங்கள், வாயில் கவ்வ ஒரு பொம்மையைக் கொடுங்கள். சில வாரத்தில் கதவு திறந்ததும் தானே ஓடிப்போய்ப் பொம்மையைத் தேடிக் கவ்விக்கொண்டு, அதை வாயில் வைத்தபடியே முனகிக்கொண்டு உங்கள் காலைச் சுற்றும். அந்த முனகலைக் கேட்கவே சிலர் வேலையிலிருந்து நேரே வீட்டுக்கு வருகிறார்கள்.

இந்த வரவேற்பு இனிப்பாக இருக்க, பிரிவு கசக்காமல் இருக்க வேண்டும். ஒருமுறை கைவிடப்பட்ட நாய்க்குத் தனிமை பெரும் பயம். முதல் வாரத்திலிருந்தே பழக்குங்கள்: கதவுக்கு வெளியே 10 நொடி நின்றுவிட்டு வாருங்கள், பிறகு 30 நொடி, 1 நிமிடம், 3 நிமிடம். நடுநடுவே நேரத்தைக் குறைத்தும் வையுங்கள். ஏறிக்கொண்டே போனால் நாய் அதையும் கண்டுபிடித்துவிடும். போகும்போது நீண்ட விடைபெறல் வேண்டாம். ஒரு போனை வீடியோ பதிவில் வைத்துவிட்டுப் போய், முதல் அரை மணி நேரத்தைப் பாருங்கள். பதற்றம் பெரும்பாலும் அதற்குள்ளேயே தெரிந்துவிடும். எச்சில் ஒழுக, கதவை விட்டு நகராமல், ஊளையிட்டுக்கொண்டிருந்தால் நேரத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி தொடங்குங்கள். அழுது அழுது தானே பழகிவிடும் என்பது உண்மையில்லை, பயம்தான் பழகும்.

பார்வைக்கு வருவோம். 2015ல் ஜப்பானில் நடந்த ஆய்வில், நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டால் இருவருக்கும் ஆக்ஸிடோசின் கூடுவது தெரிந்தது. தாய்க்கும் சேய்க்கும் நடுவே வேலை செய்கிற அதே சுரப்பு. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் இது தெரியவில்லை. உட்புருவத்தைத் தூக்கி 'பாவமாக'ப் பார்க்க உதவும் தசை நாய்களிடம் தெளிவாக இருக்கிறது, ஓநாய்களிடம் ஏறக்குறைய இல்லை என்று 2019ல் ஓர் உடற்கூறு ஆய்வு சொன்னது. உங்கள் தட்டில் இருப்பதைக் கேட்பதற்கென்றே ஒரு தசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஆய்வைப் படித்துவிட்டுப் புதுநாயின் கண்ணையே உற்றுப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். அறிமுகமில்லாதவர் உற்றுப் பார்ப்பது நாய் மொழியில் சண்டைக்கு அழைப்பு. பார்வை அதன் பக்கமிருந்து வரவேண்டும். நீங்கள் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும்போது, எதையும் கேட்காமல், கண்ணைச் சற்றே சுருக்கி, உடம்பு தளர்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் வரும், காத்திருங்கள். வந்தால் நீங்களும் மெல்லக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் படிப்பைத் தொடரலாம்.

தடவுவதும் அப்படித்தான். தலைக்கு மேலிருந்து கை வந்து உச்சியில் தட்டுவது பல நாய்களுக்குப் பிடிப்பதில்லை, சகித்துக்கொள்கின்றன. மார்பு, தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டு, வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே முதுகு, இவை நல்ல இடங்கள். ஒரு சோதனை செய்யுங்கள்: பக்கத்தில் பக்கவாட்டாக உட்கார்ந்து 3 நொடி தடவுங்கள், கையை எடுத்துவிடுங்கள். இன்னும் நெருங்கினால், கையை மூக்கால் முட்டினால், சாய்ந்தால், தொடருங்கள். முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கினால், கொட்டாவி விட்டால், கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிந்தால் போதும் என்கிறது. இப்படி நாலு நாள் கேட்டுக் கேட்டுத் தொட்டால், ஐந்தாம் நாள் தானே வந்து முழு எடையையும் உங்கள் முழங்காலில் சாய்த்து நிற்கும். 25 கிலோ நாய் என்றால் காலை ஊன்றி நில்லுங்கள்.

நடை. இங்கேதான் நிறையப் பேர் தங்கள் சந்தோஷத்தையும் நாயின் சந்தோஷத்தையும் ஒருசேர வீணாக்குகிறார்கள். 40 நிமிடத்தில் 3 கிலோமீட்டர் முடித்துவிட வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போவார்கள். மனிதர் மூக்கில் மோப்ப ஏற்பிகள் ஏறக்குறைய 60 லட்சம். நாயின் மூக்கில் 30 கோடி வரை. மூச்சை உள்ளிழுக்கும்போது நேராக இழுத்து, விடும்போது நாசியின் பக்கவாட்டுப் பிளவு வழியே விடும். அதனால் முகரும் வாசனை கலைவதில்லை. ஒரு கம்பத்தடியில் அது மூன்று நிமிடம் நிற்கிறதென்றால் நேற்று யார் வந்தார், ஆணா பெண்ணா, உடம்பு எப்படி என்று படித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் இழுப்பது, ஒருவர் படிக்கும் தாளைப் பிடுங்குவதற்குச் சமம். 2019ல் வந்த ஒரு சிறு ஆய்வில், இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு விளையாடிய நாய்கள், புரியாத ஒரு சூழ்நிலையில் நல்லதை எதிர்பார்த்து வேகமாக முன்னே போயின. காலோடு ஒட்டி நடக்கப் பயிற்சி பெற்றவற்றிடம் அந்த மாற்றம் இல்லை. ஆகவே தினசரி ஒரு நடையாவது மோப்ப நடையாக இருக்கட்டும்: 2 முதல் 3 மீட்டர் நீளக் கயிறு, 20 நிமிடம், எந்தப் பக்கம் போவது என்பது நாயின் முடிவு. கயிறு தொய்ந்திருந்தால் சரி. முகர்ந்துகொண்டிருக்கும்போதே அது திரும்பி உங்களை ஒரு பார்வை பார்க்கும், "வருகிறாய்தானே?" என்று. அந்தப் பார்வைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல சொல்லோ சின்னத் துண்டோ கொடுங்கள். கயிற்றை இழுக்காமல் நடக்கும் பழக்கத்துக்கு அதுவே பாதிப் பயிற்சி. வெயில் நேரமென்றால் புறங்கையைத் தரையில் 7 நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லையென்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

விளையாட்டு எல்லா நாய்க்கும் உடனே வராது. சில நாய்களுக்குப் பொம்மை என்றால் என்னவென்றே தெரியாது. பந்தை வீசினால் கல்லெறிகிறார்கள் என்று பம்மும். அவற்றுக்குச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். பழைய துண்டை விரித்து, அதன் தினசரி உணவில் ஒரு கைப்பிடியைத் தூவி, சுருட்டி வையுங்கள். மூக்கால் பிரித்துத் தின்னும். இரண்டு நாளில் சற்று இறுக்கமாகச் சுருட்டுங்கள், பிறகு ஒரு தளர்முடிச்சு போடுங்கள். மூன்று அட்டைப்பெட்டியில் ஒன்றில் மட்டும் தீனி வைத்துக் கண்டுபிடிக்க விடுங்கள். பெட்டியில் பின்னூசியும் ஒட்டுநாடாவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்த பெருமையில் வால் நிமிர்வதைப் பார்க்கலாம். பிறகு ஒருநாள், முன்காலைத் தரையில் பதித்து, முழங்கையைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி, "வா" என்று கூப்பிடும். இது விளையாட்டுக்கான வணக்கம். தயங்காமல் நீங்களும் குனிந்து பதில் வணக்கம் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் ஓடுங்கள். அக்கம்பக்கத்தார் பார்த்தால் பார்க்கட்டும்.

பொம்மை நீலமோ மஞ்சளோ இருக்கட்டும். நாய்க்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாது. புல்வெளியில் சிவப்புப் பந்தைக் கண்ணால் தேட முடியாமல் மூக்கால் தேடும். பந்து அதன் தொண்டைக்குள் போகாத அளவு பெரிதாக இருக்கவேண்டும். குச்சியை வீசாதீர்கள், வாயிலும் தொண்டையிலும் குத்தும். பந்தைத் திருப்பித் தராமல் ஓடுகிறதென்றால் துரத்தாதீர்கள், துரத்துவதே அதற்கு விளையாட்டு. கையில் ஒரேமாதிரி இரண்டாவது பந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதைக் கீழே போட்டதும் இரண்டாவதை வீசுங்கள். ஒரே மூச்சில் 5 முதல் 10 நிமிடத்துக்கு மேல் பந்து வேண்டாம். சுற்றிச் சுற்றிப் பாய்ந்து மூட்டு தேயும், மூளையும் கொதித்துப்போய் இரவெல்லாம் அலையும். கயிறு இழுக்கும் விளையாட்டு நல்லது. நாயைத் தாராளமாக ஜெயிக்க விடுங்கள், அதனால் அது உங்கள் மேல் அதிகாரம் செலுத்தத் தொடங்காது. பக்கவாட்டில் மட்டும் இழுங்கள். மேலும் கீழும் ஆட்டினால் கழுத்துக்குக் கேடு.

இன்னொன்று திடீரென்று வரும். பெரும்பாலும் குளித்து முடித்ததும், அல்லது மாலையில். காதைப் பின்னால் ஒட்டி, பின்புறத்தைத் தாழ்த்தி, அறைக்கு அறை வெறிபிடித்தாற்போல் வட்டமடிக்கும். வெறி ஒன்றும் இல்லை, அடக்கிவைத்த உற்சாகம் வெளியேறுகிறது. இரண்டொரு நிமிடத்தில் தானே அடங்கும். வழுக்குகிற தரையென்றால் ஒரு விரிப்பைப் போட்டுவிட்டு, நீங்கள் ஓரமாக ஒதுங்கிவிடுங்கள். தத்து நாய் முதல்முறை இப்படி ஓடுகிற நாளைப் பலர் தேதி போட்டு நினைவு வைத்திருக்கிறார்கள்.

பேரை மாற்றலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக. புதுப்பேரைச் சொன்ன 1 நொடிக்குள் ஒரு சிறு துண்டு, ஒரு நாளைக்கு பத்து முறை. ஒரு வாரத்தில் தலை திரும்பும். திட்டும்போது மட்டும் பேரைச் சொல்லாதீர்கள். வேறு எதைக் கற்பிப்பதானாலும் ஒரு தடவைக்கு 3 முதல் 5 நிமிடம் போதும், அது இன்னும் வேண்டும் என்று நிற்கும்போதே நிறுத்துங்கள். சேஸர் என்ற பார்டர் கோலி இன நாய் 1,022 பொம்மைகளின் பேரைக் கற்றது 2011ல் வெளியான ஆய்வில் இருக்கிறது. உங்கள் நாய் மூன்று பொம்மையைப் பேர் சொல்லி எடுத்துவந்தாலே வீடு கொண்டாடும். துண்டுகள் நகத்தளவு இருந்தால் போதும். நாள் முழுக்கக் கொடுப்பதெல்லாம் சேர்ந்து அதன் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்புப் பொருள்) கலந்த தின்பண்டங்கள் எதுவும் கூடாது, ஒரு துண்டுகூட.

பெரிய நாயாக, வயதான நாயாக எடுக்கலாமா என்பதையும் யோசியுங்கள். எட்டு வயது நாய்க்கு நாற்காலிக் காலைக் கடிக்க ஆசையில்லை. நாளைக்கு இரண்டு மெதுவான நடை, மெத்தென்ற படுக்கை, உங்கள் காலடி. அது கேட்பது இவ்வளவுதான். எப்படி இருக்கும் என்று ஊகிக்கவும் வேண்டியதில்லை, இருப்பதுதான் குணம்.

சில சின்ன விஷயங்கள், வரிசை இல்லாமல். நீங்கள் கொட்டாவி விட்டால் நாயும் விடலாம். 2008ல் ஒரு சோதனையில் 29 நாய்களில் 21 அப்படி விட்டன. ஏதோ உடைந்து கிடக்க, தலையைத் தொங்கப்போட்டு 'குற்ற உணர்வோடு' நிற்கிறதே என்று சிரிக்கிறோம்; உண்மையில் அது உங்கள் முகத்தைப் படித்துப் பயந்து நிற்கிறது. தப்பே செய்யாத நாயும் திட்டினால் அப்படித்தான் நிற்கும் என்று 2009ல் சோதித்தே காட்டிவிட்டார்கள். தரையில் நகம் 'டக் டக்' என்று அது அறைக்கு அறை பின்தொடர்வது காதுக்கு இனிமைதான், ஆனால் நின்றுகொண்டிருக்கும்போதே நகம் தரையில் படுகிறதென்றால் வளர்ந்துவிட்டது, வெட்டவேண்டும். ஒரே நாளில் நாலு பாதத்தையும் வெட்டப் போராடாமல், ஒரு நகம், ஒரு துண்டு தீனி, நாளை இன்னொன்று என்று போனால் சில வாரத்தில் தானே பாதத்தை நீட்டுகிற நாய்கள் உண்டு.

மூன்று மாதத்துக்கு மேலாகியும் ஒளிந்தே இருக்கிறது, விளையாட்டில் ஆசையே இல்லை, தொட்டால் உறுமுகிறது என்றால், குணம் என்று முடிவு கட்டும் முன் வலி இருக்கிறதா என்று பாருங்கள். காதுக்குள் சீழ், சொத்தைப் பல், தேய்ந்த இடுப்பு மூட்டு இவற்றை நாய் வாய்விட்டுச் சொல்லாது, ஒதுங்கிக் காட்டும். உறுமலுக்காகத் தண்டிக்கவும் கூடாது. தண்டித்தால் உறுமலை நிறுத்தும். அடுத்தமுறை எச்சரிக்காமலே கடிக்கும்.

கடைசியாக, புதிதாக எடுத்தவர்கள் அடிக்கடி கவலைப்படுகிற ஒன்று: "பக்கத்தில் வந்து படுக்கிறது, ஆனால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுக்கிறது, என்மேல் கோபமா?" கோபமில்லை. நாய் பெரும்பாலும் தனக்குச் சந்தேகமான பக்கத்தைப் பார்த்துத்தான் படுக்கும். வாசலைப் பார்த்துக்கொண்டு, முதுகை உங்கள் பக்கம் விட்டிருக்கிறது.